சர்வர் குழுக்களுக்கு ஃபர்ம்வேர் அப்டேட்: திட்டமிடுவது முதல் சரிபார்ப்பு வரை முழுமையான வழிகாட்டி

ஒரே மாடலில் 96 சர்வர்கள். எல்லாவற்றையும் டிக் செய்து ‘மேக் கம்ப்ளையன்ட்’ பொத்தானை அழுத்தினால் வேலை முடிந்தது என்பதுபோலத்தான் மேலாண்மை மென்பொருளின் திரை இருக்கும். அந்த 96-இல் மூன்று சர்வர்கள் ஒரே தரவின் மூன்று பிரதிகளைத் தாங்கி நிற்பது அந்தத் திரைக்குத் தெரியாது. மூன்றும் சேர்ந்து ரீபூட் ஆனால் அப்டேட் வெற்றி, சேவை காலி.

கூட்டமாக ஃபர்ம்வேர் (வன்பொருளுக்குள்ளேயே எழுதி வைத்திருக்கும் மென்பொருள்) போடும்போது வரும் பெரிய விபத்துகளுக்குக் காரணம் பல நேரம் ஃபர்ம்வேர் அல்ல, குழு பிரித்த விதம். எந்தச் சர்வர் பழைய பதிப்பில் இருக்கிறது என்று ஒப்பிட ஒரு வகைக் குழு வேண்டும். எவையெல்லாம் ஒரே நேரத்தில் கீழே போகலாம் என்பதற்கு முற்றிலும் வேறு வகைக் குழு வேண்டும். இந்த இரண்டையும் கலக்காமல் எப்படி வேலை செய்வது என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம். எடுத்துக்காட்டுக்கு டெல் பவர்எட்ஜ் சர்வர்கள் (ஆர்640, ஆர்740, ஆர்750 போன்றவை), அவற்றை நிர்வகிக்கும் ஓபன்மேனேஜ் என்டர்பிரைஸ். எச்பிஇ, லெனோவோ, சிஸ்கோ வைத்திருப்பவர்களுக்கு எது மாறும் என்பது பிற்பகுதியில் இருக்கிறது.

எது அவசரம், எது அவசரமில்லை

‘ஓடுகிற சர்வரைத் தொடாதே’ என்பது பல இடங்களில் எழுதப்படாத சட்டம். அது எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு 2019 நவம்பர் ஒரு பாடம். எச்பிஇ விற்ற சில சாஸ் எஸ்எஸ்டி மாடல்கள், எச்பிடி8-க்கு முந்தைய ஃபர்ம்வேரில் இருந்தால், 32,768 மணி நேரம் ஓடியதும் செத்துவிடும், அதில் இருந்த தரவும் மீளாது என்று அந்த நிறுவனமே அறிவித்தது. 32,768 என்பது 2-இன் 15-ஆம் அடுக்கு. கணக்குப்படி 3 ஆண்டு 270 நாள் 8 மணி நேரம். ஒரே நாளில் பொருத்தி ஒரே நாளில் மின்சாரம் கொடுத்த டிஸ்க்குகள் ஏறக்குறைய ஒரே வேளையில் போகும் என்பதால் ரெய்டும் (பல டிஸ்க்குகளில் தரவைப் பரப்பி வைக்கும் முறை) காப்பாற்றாது. 2020 மார்ச்சில் வேறு சில மாடல்களுக்கு இதேபோல 40,000 மணி நேர எல்லை அறிவிக்கப்பட்டது.

வந்ததும் வராததுமாக எல்லாவற்றிலும் போட்டுவிடுவதும் ஆபத்துதான். ஸ்பெக்டர் என்ற பிராசசர் பாதுகாப்பு ஓட்டைக்காக இன்டெல் கொடுத்த மைக்ரோகோடு (பயாஸ் வழியாகப் பிராசசரில் ஏறும் திருத்தம்), ஹாஸ்வெல், பிராட்வெல் பிராசசர்களில் எதிர்பாராத ரீபூட்டுகளைக் கிளப்பியது. 2018 ஜனவரி 22 அன்று, அதைப் பரப்புவதை நிறுத்துங்கள் என்று இன்டெல்லே கேட்டுக்கொண்டது. அதற்குள் மொத்த டேட்டா சென்டருக்கும் போட்டு முடித்தவர்கள் பயாஸைப் பின்னுக்குத் தள்ளும் வேலையில் இறங்க வேண்டியிருந்தது.

எனவே ஒவ்வொரு வெளியீட்டுக் குறிப்பையும் படித்து மூன்றில் ஒரு கூடையில் போடுங்கள். தரவு அழியும் அபாயமும், நெட்வொர்க் வழியாகக் கடவுச்சொல் இல்லாமல் நுழைய விடும் ஓட்டையும் முதல் கூடை: நாள்கணக்கில் முடிக்க வேண்டியவை. வழக்கமான திருத்தங்கள் காலாண்டு அல்லது அரையாண்டுச் சுற்றுக்கு. உங்களிடம் இல்லாத கார்டுக்கான திருத்தம், திரை மொழிபெயர்ப்புத் திருத்தம் போன்றவை எதற்கும் அவசரமில்லை.

முதல் கூடையிலும் ஒரு நிதானம் உண்டு. 2025 மார்ச்சில் வெளியான சிவிஇ-2024-54085, ஏஎம்ஐ மெகாராக் பிஎம்சியில் (சர்வரைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் தனிச் சிப்பின் மென்பொருளில்) உள்நுழைவைத் தாண்டிச் செல்ல விட்டது. அதே ஆண்டு ஜூனில் அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிஐஎஸ்ஏ அதை உண்மையில் தாக்குதலுக்குப் பயன்படும் ஓட்டைகளின் பட்டியலில் சேர்த்தது. இப்படி ஒன்று வந்தால் முதல் வேலை ஃபர்ம்வேர் அல்ல. பிஎம்சி போர்ட்டுகள் தனி விலானில் (பிரித்து வைத்த நெட்வொர்க்கில்) இருக்கின்றனவா, ஜம்ப் சர்வர் (நிர்வாகிகள் நுழையும் இடைச் சர்வர்) தவிர வேறு எங்கிருந்தும் எட்டாதபடி அடைத்திருக்கிறதா என்று பார்ப்பது. அது சரியாக இருந்தால் சோதித்துப் போட நேரம் கிடைக்கும்.

ஒரு சர்வருக்குள் எத்தனை ஃபர்ம்வேர்

பயாஸ், ஐடிராக் (டெல்லின் பிஎம்சி), ரெய்டு கன்ட்ரோலர் (பெர்க்), நெட்வொர்க் கார்டுகள், பூட் எம்.2 கார்டு (பாஸ்), எஸ்எஸ்டி மற்றும் ஹார்டு டிஸ்க்குகள், டிஸ்க்குகள் செருகும் பேக்பிளேன், பவர் சப்ளை, மதர்போர்டின் மின் வரிசையைக் கட்டுப்படுத்தும் சிபிஎல்டி. ஜிபியு இருந்தால் அதுவும்.

இவை ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. ஐடிராக் அப்டேட்டுக்கு சர்வரை ரீபூட் செய்ய வேண்டியதில்லை. ஐடிராக் மட்டும் தன்னைத்தானே ரீஸ்டார்ட் செய்துகொள்ளும். அந்தச் சில நிமிடங்களுக்கு ரிமோட் கன்சோலும் வராது, அலர்ட்டும் வராது. பயாஸுக்கு ரீபூட் கட்டாயம். அதற்குப் பின் வரும் முதல் பூட்டில் மெமரி டிரெயினிங் (ரேமைச் சோதித்துச் சீரமைக்கும் வேலை) மறுபடி நடப்பதால், ரேம் அதிகமுள்ள சர்வர்களில் திரை வெகுநேரம் அசையாமல் நிற்கும். பதறிப்போய் பவர் பட்டனை அழுத்தக்கூடாது. ரெய்டு, நெட்வொர்க் கார்டுகள் பெரும்பாலும் ரீபூட்டில்தான் நடைமுறைக்கு வரும். பவர் சப்ளை அப்டேட்டின்போது சர்வர் அணைந்திருக்கும், ஒவ்வொரு யூனிட்டாக நடக்கும், நேரம் பிடிக்கும். சிபிஎல்டிக்குப் பிறகு சாதாரண ரீபூட் போதாது, மின்சாரத்தையே சுழற்ற வேண்டும்.

பவர் சப்ளையையும் சிபிஎல்டியையும் வழக்கமான சுற்றில் சேர்க்காமல் இருப்பதே நல்லது. வெளியீட்டுக் குறிப்பு கட்டாயப்படுத்தினால் மட்டும், டேட்டா சென்டரில் கைவேலைக்கு ஆள் இருக்கும் பகல் நேரத்தில், தனி வேலையாகச் செய்யுங்கள்.

கணக்கெடுப்பு

ஓபன்மேனேஜில் எல்லா ஐடிராக்குகளையும் டிஸ்கவர் செய்து இன்வென்டரி ஜாபை ஓட்டுங்கள். அதற்கு முன் ஒவ்வொரு ஐடிராக்கிலும் ‘கலெக்ட் சிஸ்டம் இன்வென்டரி ஆன் ரீஸ்டார்ட்’ ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். அது ஆஃபில் இருந்தால், போன வருடம் மாற்றிய நெட்வொர்க் கார்டுக்குப் பதில் அதற்கு முந்தைய கார்டையே பட்டியல் காட்டிக்கொண்டிருக்கும். ஐடிராக்கின் கடிகாரத்தையும் பாருங்கள். தேதி தவறாக இருந்தால் எச்டிடிபிஎஸ் சான்றிதழ் செல்லாமல் போகும், டவுன்லோடு ஜாப் காரணம் புரியாமல் தோற்கும்.

பட்டியலை சிஎஸ்வியாக எடுத்து சர்வீஸ் டேக்கை (ஒவ்வொரு டெல் சர்வருக்கும் உரிய தனி அடையாளக் குறி) முதன்மைச் சாவியாக வைத்துக்கொள்ளுங்கள். மாடல், பயாஸ் பதிப்பு, ஐடிராக் பதிப்பு ஆகியவற்றை மென்பொருள் தரும். ரேக், மின் ஃபீடு, எந்தக் கிளஸ்டர் (ஒன்றாக ஒரே வேலையைத் தாங்கும் சர்வர் கூட்டம்), அதில் என்ன பங்கு, யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்ற ஐந்தும் நீங்கள்தான் நிரப்ப வேண்டும். சலிப்பான வேலைதான். ஆனால் அலைகளை (எந்தச் சர்வர்கள் எந்தக் கட்டத்தில் என்பதை) பிரிக்கும்போது இந்த ஐந்து பத்திகள்தான் பேசும்.

கேட்டலாக்கை உறைய வையுங்கள்

கேட்டலாக் என்பது எந்த மாடலின் எந்தப் பாகத்துக்கு எந்தப் பதிப்பு என்று சொல்லும் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு. ஓபன்மேனேஜை நேராக டெல் தளத்தோடு இணைத்து, தினமும் தானாகப் புதுப்பிக்கும்படி விடலாம். உற்பத்திச் சூழலில் அப்படிச் செய்யாதீர்கள். முதல் அலை போன வாரம் ஒரு பயாஸோடு சோதனையில் தேறியிருக்கும். மூன்றாம் அலை போடும் நாளில் கேட்டலாக் நகர்ந்திருந்தால், சோதிக்காத பயாஸ் அறுபது சர்வர்களில் ஏறிவிடும்.

செய்ய வேண்டிய முறை இது. டெல் ரெப்போசிட்டரி மேனேஜரில் உங்களிடம் உள்ள மாடல்களை மட்டும் தேர்ந்தெடுத்து ஒரு ரெப்போசிட்டரி உருவாக்குங்கள். பவர் சப்ளை, சிபிஎல்டி கோப்புகளையும், உங்களுக்குத் தேவையில்லாத டிரைவர் பேக்குகளையும் நீக்குங்கள். உள்ளகப் பகிர்வுக்கு (என்எஃப்எஸ், சிஐஎஃப்எஸ் அல்லது எச்டிடிபிஎஸ்) எக்ஸ்போர்ட் செய்யுங்கள். பெயரிலேயே காலமும் வரிசை எண்ணும் இருக்கட்டும்: ‘ஆர்740-2025-காலாண்டு3-01’ என்பதுபோல. ஒருமுறை வெளியிட்ட பிறகு அதற்குள் கை வைக்கக்கூடாது. ஒரு கோப்பு மாறினாலும் ‘02’. பிறகு ஓபன்மேனேஜின் கேட்டலாக் மேனேஜ்மென்ட் பக்கத்தில் அந்தப் பகிர்வைச் சேருங்கள்.

டெல் தளத்தோடு இணைந்த இன்னொரு கேட்டலாக்கை வேடிக்கை பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளலாம். புதிதாக என்ன வந்திருக்கிறது என்று அதன் அறிக்கை காட்டும். அதிலிருந்து எதையும் நிறுவக்கூடாது என்பதைக் குழுவில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

பகிர்வு எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். ஐடிராக் கோப்பு ஒன்றே சில நூறு எம்பி. தொலைதூர டேட்டா சென்டரில் உள்ள இருபது சர்வர்கள் ஒரே வேளையில் மெல்லிய வான் (WAN, தொலைதூர நெட்வொர்க்) இணைப்பில் இழுத்தால் பாதி ஜாபுகள் டைம்அவுட் ஆகும். ஒவ்வொரு தளத்திலும் ஒரு நகல் வையுங்கள்.

கேட்டலாக்கை மூடுமுன் இரண்டு சரிபார்ப்புகள். ஒன்று, இடைப் பதிப்பு: மிகப் பழைய ஐடிராக்கிலிருந்தோ பயாஸிலிருந்தோ நேராகப் புதியதற்குத் தாவ முடியாமல் இருக்கலாம், நடுவில் எதில் நிற்க வேண்டும் என்பது வெளியீட்டுக் குறிப்பில் இருக்கும். அப்படிப்பட்ட சர்வர்களுக்குத் தனி கேட்டலாக் போடுங்கள். இரண்டு, டிரைவர் ஜோடி: விஎம்வேரின் இஎஸ்எக்ஸ்ஐ ஓடும் சர்வர்களில், குறிப்பாக அவற்றின் டிஸ்க்குகளைச் சேர்த்துப் பொதுச் சேமிப்பாக்கும் விசானில், ஸ்டோரேஜ் கன்ட்ரோலரின் ஃபர்ம்வேரும் டிரைவரும் விஎம்வேரின் பொருத்தப் பட்டியலில் ஜோடியாக இருக்க வேண்டும். ஃபர்ம்வேர் மட்டும் முன்னே போனால் விசான் ஹெல்த் பக்கம் மஞ்சளாகும், ஆதரவு கேட்டால் முதல் கேள்வியும் அதுவாகத்தான் இருக்கும். விஸ்பியர் 7 முதல், லைஃப்சைக்கிள் மேனேஜரின் இமேஜிலேயே ஃபர்ம்வேரையும் சேர்க்க வழி இருக்கிறது. அதைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் அந்தச் சர்வர்களை ஓபன்மேனேஜ் பேஸ்லைனிலிருந்து (கேட்டலாக்கோடு சர்வர்களை ஒப்பிடும் பட்டியல்) எடுத்துவிடுங்கள். இரண்டு எஜமானர்கள் வேண்டாம்.

இரண்டு வகைக் குழுக்கள்

ஒப்பிடும் குழுவுக்கு ஓபன்மேனேஜின் கொயரி குரூப் பொருத்தம். ‘மாடல் ஆர்740’ என்ற நிபந்தனை போதும். புதிய சர்வர் வந்தால் தானாகச் சேரும். இந்தக் குழுவையும் உறைந்த கேட்டலாக்கையும் இணைத்துத்தான் பேஸ்லைன் உருவாக்க வேண்டும். இதன் வேலை அறிக்கை தருவது. நிறுவும் வேலை இங்கே கிடையாது.

நிறுவும் குழுவை ஸ்டேட்டிக் குரூப்பாக, கையால் அமையுங்கள். தானாகச் சேரும் குழுவில் நள்ளிரவில் ஒரு புதிய சர்வர் வந்து உட்கார்ந்தால் அதுவும் ரீபூட் ஆகும். பிரிக்கும் விதிகள்:

ஒரு கிளஸ்டரிலிருந்து ஒரு தொகுதிக்கு (ஒரே நேரத்தில் கீழே போகும் சர்வர்களுக்கு) ஒரே சர்வர். ஜோடியாக ஓடும் டேட்டாபேஸ், ஃபயர்வால், லோட் பேலன்சர் போன்றவற்றின் இரு பாதிகளும் வெவ்வேறு இரவுகளில்.

ரேக் விஷயத்தில் இந்த விதிக்கு ஒரு விலக்கு உண்டு. பிரதிகளை ரேக் வாரியாகப் பிரித்து வைக்கும்படி அமைத்த செஃப் (பல சர்வர்களில் பரவிய சேமிப்பு மென்பொருள்) கிளஸ்டரில், ஒரே ரேக்கின் சர்வர்களை ஒன்றாக எடுப்பதுதான் பாதுகாப்பு, வேகமும்கூட. இரண்டு ரேக்குகளில் ஒவ்வொன்று எடுப்பதுதான் ஆபத்து. அப்படி அமைக்காத கிளஸ்டரில் இந்தச் சலுகை இல்லை. எனவே ரேக்கைப் பார்க்குமுன் கிளஸ்டர் தன் பிரதிகளை எந்த எல்லையில் பிரிக்கிறது என்று பாருங்கள்.

டிஎன்எஸ், என்டிபி, ஆக்டிவ் டைரக்டரி, கடவுச்சொல் பெட்டகம், ஓபன்மேனேஜ் விஎம் ஓடும் ஹோஸ்ட், கேட்டலாக் பகிர்வு இருக்கும் சர்வர் — இவை கடைசி அலையில், ஒவ்வொன்றாக. அப்டேட்டை நடத்தும் விஎம் தான் இருக்கும் ஹோஸ்ட்டையே ரீபூட் செய்யும் கூத்து அடிக்கடி நடக்கும் ஒன்று.

அலைகளும் நேரக் கணக்கும்

அலை 0: உற்பத்தியில் இல்லாத ஒன்றிரண்டு சர்வர்கள். மாடல் ஒன்றாக இருப்பது போதாது. ரெய்டு கார்டு, நெட்வொர்க் கார்டு, டிஸ்க் வகை ஆகியவையும் உற்பத்திச் சர்வர் போலவே இருக்க வேண்டும். 48 மணி நேரம் சுமையோடு ஓடட்டும்.

அலை 1: உற்பத்தியில் மூன்று, நான்கு சர்வர்கள். ஒவ்வொரு வன்பொருள் வேறுபாட்டுக்கும் ஒன்றாவது இருக்கட்டும். இங்கே ஏழு நாள் காத்திருங்கள். வாராந்திர பேக்கப், செஃப் டீப் ஸ்க்ரப் (டிஸ்க்கில் உள்ள தரவை முழுக்கப் படித்துச் சரிபார்ப்பது), பெர்க் கன்ட்ரோலரின் பேட்ரோல் ரீட் ஆகியவை வாரத்துக்கு ஒரு முறைதான் வரும். டிஸ்க் ஃபர்ம்வேரின் கோளாறு அந்தச் சுமையில்தான் வெளிப்படும்.

அலை 2: மொத்தத்தில் பத்து சதவீதம். அதற்குப் பிறகு மீதி.

ஒரு இரவுக்கு எவ்வளவு முடியும்? விலக்கிவைக்க, நிறுவ, இரண்டு மூன்று ரீபூட், சரிபார்க்க, திரும்பச் சேர்க்க என்று ஒரு சர்வருக்கு 50 நிமிடம் எடுப்பதாக அலை 0-இல் அளந்தீர்கள் என்று வையுங்கள். ஒரே நேரத்தில் நான்கு சர்வர்கள் என்றால் 96-க்கு 24 தொகுதிகள், 1,200 நிமிடம், அதாவது 20 மணி நேரம். இரவுக்கு நான்கு மணி நேர அனுமதி இருந்தால் நான்கு தொகுதிகள்தான் போட வேண்டும்: 200 நிமிடம் வேலை, 40 நிமிடம் பிரச்சினைக்கு இருப்பு. ஆறு இரவுகள். ஐந்தே இரவில் முடிக்கச் சொல்லும் மேலாளருக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள். இருப்பு நேரத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

நான்கை எட்டாக்கலாமா என்பது கிளஸ்டர்களின் எண்ணிக்கையையும், மிச்சமுள்ள சர்வர்கள் சுமையைத் தாங்குமா என்பதையும், எத்தனை கன்சோல்களை ஒருவர் உண்மையில் கவனிக்க முடியும் என்பதையும் பொறுத்தது.

நிறுத்தும் விதியையும் முன்பே எழுதி வையுங்கள்: ஒரே வகைத் தோல்வி இரண்டு சர்வர்களில் வந்தால் அன்றைய வேலை நிற்கும். நள்ளிரவு இரண்டு மணிக்கு அந்த முடிவை வாதிட்டு எடுக்க முடியாது.

சர்வரைத் தயார் செய்தல்

இதில் அதிக நேரம் செலவிடுங்கள். மற்றதெல்லாம் இதைப் பொறுத்துத்தான்.

முதலில் வெறும் ரீபூட். இரண்டு வருடம் அணையாமல் ஓடிய சர்வரில் எத்தனையோ ஒளிந்திருக்கும்: லினக்ஸின் எஃப்எஸ்டேப் கோப்பில் சேர்க்காத மவுண்ட், கையால் போட்ட ரூட், சுழல்வது நின்றால் மறுபடி சுழலாத டிஸ்க், செத்துப்போன ரெய்டு பேட்டரி. இவை அப்டேட்டோடு சேர்ந்து வெளிப்பட்டால் பழி ஃபர்ம்வேர் மேல் விழும், நீங்கள் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருப்பீர்கள். ஆறு மாதத்துக்கு மேல் ரீபூட் ஆகாத சர்வர்களை எதுவும் மாற்றாமல் ஒருமுறை ரீபூட் செய்து, எல்லாம் சரியாக எழுந்த பிறகே அப்டேட்டைத் தொடுங்கள்.

அடுத்து, சர்வர் கான்ஃபிகரேஷன் புரொஃபைலை எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். பயாஸ் அமைப்புகள், பூட் வரிசை, ரெய்டு, ஐடிராக் அமைப்புகள் எல்லாம் ஒரு கோப்பில் வரும். அப்டேட்டுக்குப் பிறகு மறுபடி எடுத்து இரண்டையும் ஒப்பிடலாம்.

டிகிரேடட் ரெய்டு, ஒரு பவர் சப்ளை போன சர்வர், மெமரி எச்சரிக்கை உள்ள சர்வர் ஆகியவற்றைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். முதலில் பழுது, பிறகு ஃபர்ம்வேர்.

ஐடிராக்9-இல் சிஸ்டம் லாக்டவுன் மோட் ஆனில் இருந்தால் அப்டேட் ஏறாது. அணைத்து வைத்து, முடிந்ததும் மறக்காமல் திரும்பப் போடுங்கள். ஜாப் கியூவில் பழைய ஜாபுகள் தேங்கியிருந்தால் அழியுங்கள். மாதக்கணக்கில் ஓடும் ஐடிராக்கை முன்கூட்டியே ஒருமுறை ரீசெட் செய்து விடுவது பல டைம்அவுட்டுகளைத் தவிர்க்கும்.

பயாஸில் ‘பிழை வந்தால் எஃப்1, எஃப்2-க்காகக் காத்திரு’ என்ற அமைப்பை முடக்குங்கள். இல்லாவிட்டால் ஒரு சிறு எச்சரிக்கைக்காகச் சர்வர் யாரோ வந்து விசை அழுத்தும் வரை விடியவிடியக் காத்திருக்கும்.

டிபிஎம் (என்கிரிப்ஷன் சாவிகளைக் காக்கும்) சிப்போடு கட்டிய என்கிரிப்ஷன் இருந்தால் கூடுதல் கவனம். பயாஸ் மாறினால் டிபிஎம்மில் பதியும் அளவீடுகளும் மாறும், டிஸ்க் திறக்காது. விண்டோஸில் பிட்லாக்கரை சஸ்பெண்ட் செய்யும்போது ரீபூட் எண்ணிக்கையை 0 என்று கொடுங்கள். அப்போதுதான் நீங்களே திரும்ப இயக்கும் வரை நிறுத்தம் நீடிக்கும். கொடுக்காமல் விட்டால் ஒரே ஒரு ரீபூட்டுக்குத்தான் செல்லும், இரண்டாவது ரீபூட்டில் ரெக்கவரி கீ கேட்டு நிற்கும். லினக்ஸில் கிளீவிஸ் மூலம் டிபிஎம்மில் கட்டிய லக்ஸ் டிஸ்க் என்றால் பாஸ்ஃபிரேஸ் கையில் இருக்கட்டும், முடிந்ததும் மறுபடி கட்டுங்கள்.

கிளஸ்டரிலிருந்து விலக்குதல்

விசானில் ஹோஸ்ட்டை மெயின்டனன்ஸ் மோடில் வைத்ததும் ஒரு கடிகாரம் ஓடத் தொடங்கும். ஆப்ஜெக்ட் ரிப்பேர் டைமர் இயல்பில் 60 நிமிடம். சர்வர் திரும்பாமல் அதைத் தாண்டினால் கிளஸ்டர் தரவை மறுபடி கட்ட ஆரம்பிக்கும், நெட்வொர்க்கும் டிஸ்க்கும் திணறும். அலை 0-இல் 50 நிமிடம் என்று அளந்திருந்தால் டைமரை முன்கூட்டியே உயர்த்தி, முடிந்ததும் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். அடுத்த ஹோஸ்ட்டைத் தொடுமுன் ரீசிங்க் (தரவு மறு ஒத்திசைவு) பூஜ்யம் ஆகியிருக்க வேண்டும்.

செஃபில் இந்தக் கடிகாரம் இன்னும் சின்னது. ஓஎஸ்டி (ஒரு டிஸ்க்கைக் கவனிக்கும் செஃப் செயலி) விழுந்து 600 வினாடியில் அதை வெளியே தள்ளிவிட்டு மறுசமன் தொடங்கும். அதனால் ‘நோஅவுட்’ கொடியைப் போடுங்கள். கொடி இருக்கும்வரை ஹெல்த் எச்சரிக்கையிலேயே இருக்கும் என்பதால் ‘ஹெல்த் ஓகே’ வருமென்று காத்திருக்க வேண்டாம். எல்லா பிளேஸ்மென்ட் குரூப்புகளும் (செஃப் தரவைப் பிரித்து வைக்கும் பகுதிகள்) ‘ஆக்டிவ், கிளீன்’ என்று காட்டுகின்றனவா என்பதே அளவுகோல். வேலை முடிந்த இரவே கொடியை எடுத்துவிடுங்கள்.

குபர்நெட்டீஸில் கார்டன் (புதிய வேலை வராமல் தடுப்பது), பிறகு டிரெயின் (இருப்பவற்றை வெளியேற்றுவது). டிஸ்ரப்ஷன் பட்ஜெட் காரணமாக டிரெயின் தொங்கினால் பலவந்தம் வேண்டாம். ஒரே ஒரு பிரதியில் ஓடும் செயலி அங்கே இருக்கிறது என்று அர்த்தம். அதன் பொறுப்பாளரிடம் பேசிப் பிரதியைக் கூட்டுங்கள். விண்டோஸ் ஃபெயில்ஓவர் கிளஸ்டரில் நோடை சஸ்பெண்ட் செய்து காலியாக்குங்கள்; உள்ளேயே டிஸ்க் பகிரும் அமைப்பு என்றால் ஸ்டோரேஜ் ஜாபுகள் முடியும்வரை அடுத்த நோடைத் தொடாதீர்கள்.

போடும் வரிசை

ஐடிராக்கை மட்டும் தனியாக, இரண்டு நாள் முன்னதாகவே போட்டுவிடுங்கள். சர்வர் ரீபூட் ஆகாது, ஆனால் மற்ற பாகங்களை ஏற்றப்போவது அதுதான். புதிய ஐடிராக் நிலையாக இருக்கிறதா என்று அமைதியாகப் பார்க்க நேரம் கிடைக்கும். அதிலும் ஒரே நேரத்தில் எல்லாம் வேண்டாம். ஒரு ரேக்கின் அலர்ட்டுகள் மொத்தமும் சில நிமிடம் ஊமையாவதை இரவுப் பணியில் இருப்பவருக்குச் சொல்லி வையுங்கள்.

பராமரிப்பு இரவில்:

1. ஃபர்ம்வேர் கம்ப்ளையன்ஸ் பக்கத்தில் பேஸ்லைன் அறிக்கையைத் திறந்து, அன்றைய ஸ்டேட்டிக் குழுவின் சர்வர்களை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

2. ‘டவுன்கிரேடு’ என்று காட்டும் பாகங்களின் டிக்கை எடுங்கள். உறைந்த கேட்டலாக்கைவிடப் புதிய பதிப்பு ஏற்கெனவே ஒரு சர்வரில் இருந்தால், புதிதாக வந்த டிஸ்க்கில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், கவனிக்காமல் அழுத்தினால் அது பின்னோக்கிப் போகும்.

3. கையொப்பச் சரிபார்ப்பு ஆனில் இருக்கட்டும்.

4. ரீபூட் வகையில், கட்டாய ஷட்டவுன் இல்லாத கிரேஸ்ஃபுல் ரீபூட்டைத் தேர்ந்தெடுங்கள். சர்வர் காலியாகிவிட்டது என்று உறுதி செய்த பிறகுதான் இந்தப் படி.

5. லைஃப்சைக்கிள் லாகையும் விர்ச்சுவல் கன்சோலையும் திறந்து வைத்துப் பாருங்கள். பயாஸ் எழுதும்போது மின்சாரத்தைத் தொடாதீர்கள்.

‘அடுத்த ரீபூட்டுக்கு ஸ்டேஜ் செய்’ என்ற வசதி கவர்ச்சியாகத் தெரியும். அதில் இரண்டு குழிகள். ஸ்டேஜ் செய்து விட்டுவிட்டால், மூன்று வாரம் கழித்து வேறு வேலைக்காக யாரோ ரீபூட் செய்யும்போது அரைமணி நேர அப்டேட் கிளம்பும். மற்றொன்று, லினக்ஸின் கேஎக்செக் அல்லது இஎஸ்எக்ஸ்ஐயின் குயிக் பூட் மூலம் செய்யும் ரீபூட் வன்பொருள் தொடக்கத்தைத் தாண்டிச் செல்வதால் ஸ்டேஜ் செய்தது ஏறவே ஏறாது. எனவே ஸ்டேஜ் செய்தால் அதே இரவில் முழு ரீபூட்டும் நடக்க வேண்டும்.

தோற்கும்போது

ஜாப் ‘ஷெட்யூல்டு’ நிலையிலேயே நிற்கிறது: சர்வர் இன்னும் ரீபூட் ஆகவில்லை, அல்லது முந்தைய ஜாப் வழிமறிக்கிறது. கியூவை அழித்து, ஐடிராக்கை ரீசெட் செய்து, மறுபடி போடுங்கள்.

டவுன்லோடில் தோல்வி: பகிர்வின் கடவுச்சொல், ஐடிராக் விலானிலிருந்து பகிர்வுக்குப் பாதை, கடிகாரம், இந்த வரிசையில் பாருங்கள். ஓபன்மேனேஜ் விஎம்மிலிருந்து பகிர்வு திறக்கிறது என்பதால் ஐடிராக்கிலிருந்தும் திறக்கும் என்று நினைக்கக்கூடாது. இரண்டும் வெவ்வேறு ஃபயர்வால் விதிகள்.

சர்வர் எழுந்தது, நெட்வொர்க் இல்லை: கார்டு ஃபர்ம்வேருக்குப் பின் லினக்ஸில் இன்டர்ஃபேஸ் பெயர் மாறியிருக்கலாம். மேக் முகவரியோடு கட்டிய பெயர் விதி வைத்திருந்தால் இது வராது. இன்டெல் எக்ஸ்710 கார்டில், கார்டுக்குள்ளேயே ஓடும் எல்எல்டிபி (எந்த ஸ்விட்ச்சோடு இணைந்திருக்கிறது என்று சொல்லும் செய்திகள்) ஏஜென்ட் அந்தச் செய்திகளை ஓஎஸ் வரை விடாமல் விழுங்கும். அதை அணைத்து வைத்திருந்தீர்கள் என்றால் அப்டேட்டுக்குப் பின்னும் அணைந்தே இருக்கிறதா என்று பாருங்கள்.

பூட் டிஸ்க் கிடைக்கவில்லை: பூட் வரிசை மாறியிருக்கும். புரொஃபைல் ஒப்பீடு ஒரு நிமிடத்தில் காட்டிவிடும்.

மெமரி டிரெயினிங் என்று நினைத்து எவ்வளவு நேரம் காத்திருப்பது? அலை 0-இல் அளந்த நேரத்தின் இரண்டு மடங்கு. அதைத் தாண்டினால் லைஃப்சைக்கிள் லாகைப் படித்து, எழுதும் வேலை எதுவும் நடக்கவில்லை என்று உறுதியான பிறகு பவர் சைக்கிள்.

‘கம்ப்ளீட்டட்’ என்பதை நம்பாதீர்கள்

ஜாப் பச்சையாக இருப்பது சான்று ஆகாது. 2021 டிசம்பரில் வெளிவந்த ஐஎல்ஓபிளீட் என்ற ரூட்கிட், எச்பிஇ சர்வர்களின் பிஎம்சியான ஐஎல்ஓவுக்குள் குடியிருந்து, ஃபர்ம்வேர் அப்டேட்டைத் தடுத்துவிட்டு நடந்ததுபோலப் பாசாங்கு செய்தது. அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், ஜாப் முடிந்து பதிப்பு மாறாமல் இருப்பது சாதாரணமாக நடக்கும்.

இன்வென்டரியை மறுபடி ஓட்டி பேஸ்லைன் அறிக்கையைப் பாருங்கள். பிறகு ஓஎஸ் பக்கத்திலிருந்து, பிஎம்சியைச் சாராமல், பயாஸ் பதிப்பை டிஎம்ஐடிகோடிலும் நெட்வொர்க் ஃபர்ம்வேரை ஈத்டூலிலும் மைக்ரோகோடை சிபியு தகவலிலும் பாருங்கள். மொத்த ரேம் குறையவில்லையா, எல்லா டிஸ்க்கும் தெரிகின்றனவா, லிங்க் வேகம் 25 ஜிபியிலிருந்து 10-க்கு இறங்கவில்லையா, பிசிஐ அகலம் பாதியாகவில்லையா, நூமா நோடு எண்ணிக்கை அதேதானா, விர்ச்சுவலைசேஷனும் எஸ்ஆர்-ஐஓவியும் ஆனில் இருக்கின்றனவா, பவர் புரொஃபைல் மாறவில்லையா. இந்த ஏழையும் ஒரு சிறு ஸ்கிரிப்டில் எழுதி முன்னும் பின்னும் ஓட்டுங்கள். சர்வர் ஓடுகிறது ஆனால் மெதுவாக ஓடுகிறது என்ற புகார் ஒரு மாதம் கழித்து வருவதை இது தடுக்கும்.

பின்னுக்குப் போவது

ஐடிராக் முந்தைய பதிப்பை வைத்திருக்கும்; ரோல்பேக் பக்கத்திலிருந்து பயாஸ், ஐடிராக், நெட்வொர்க், ரெய்டு ஆகியவற்றைத் திருப்பலாம். சிபிஎல்டிக்கும் டிரைவர் பேக்குக்கும் டயக்னாஸ்டிக்ஸுக்கும் அது கிடையாது. சில பாதுகாப்புத் திருத்தங்கள் பழைய பதிப்புக்கு இறங்குவதையே தடுத்துவிடும். அது வெளியீட்டுக் குறிப்பில் எழுதியிருக்கும். அப்படிப்பட்டது என்றால் அலை 1-இன் காத்திருப்பைக் குறைக்கச் சொல்லி யார் கேட்டாலும் இணங்காதீர்கள். ஒரு இறுதி ஏற்பாடாக, ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு உதிரி மதர்போர்டோ, நான்கு மணி நேரத்தில் ஆள் வரும் ஒப்பந்தமோ இருக்க வேண்டும்.

மற்ற நிறுவனச் சர்வர்கள்

எச்பிஇ: உறைந்த கேட்டலாக்கின் இடத்தில் சர்வீஸ் பேக் ஃபார் புரோலயன்ட். 2014 பிப்ரவரி முதல் அதை டவுன்லோடு செய்ய வாரண்டியோ ஆதரவு ஒப்பந்தமோ வேண்டும். ஒப்பந்தம் முடியும் தேதியைத் திட்டத்தில் எழுதி வையுங்கள். ஜென்10 முதல் ஐஎல்ஓ5-க்குள்ளேயே ரெப்போசிட்டரியும் இன்ஸ்டால் செட்டும் உண்டு.

லெனோவோ: எக்ஸ்கிளாரிட்டி அட்மினிஸ்ட்ரேட்டரில் கம்ப்ளையன்ஸ் பாலிசி என்பதுதான் இங்கே பேஸ்லைன்.

சிஸ்கோ யுசிஎஸ்: இங்கே குழுச் சிக்கல் இன்னும் கூர்மை. பல சர்வீஸ் புரொஃபைல்கள் (ஒரு சர்வரின் அமைப்புகளைத் தாங்கும் வார்ப்புகள்) ஒரே ஹோஸ்ட் ஃபர்ம்வேர் பேக்கேஜைச் சுட்டும். மெயின்டனன்ஸ் பாலிசி ‘உடனடி’ என்று இருந்தால், பேக்கேஜில் ஒரு பதிப்பை மாற்றிச் சேமித்த கணமே அத்தனை பிளேடுகளும் ரீபூட் ஆகும். பாலிசியை ‘பயனர் ஒப்புதல்’ என்று மாற்றாமல் அந்தத் திரையைத் திறக்கவே வேண்டாம்.

பல நிறுவனச் சர்வர்கள் கலந்த பண்ணைக்கு டிஎம்டிஎஃப் அமைப்பு 2015-இல் வெளியிட்ட ரெட்ஃபிஷ் என்ற பொது மேலாண்மைத் தரம் உதவும். அப்டேட் சர்வீஸின் கீழ் ஃபர்ம்வேர் இன்வென்டரியைப் படிக்கலாம், சிம்பிள்அப்டேட் மூலம் நிறுவலாம், டாஸ்க்கைத் தொடர்ந்து கவனிக்கலாம். பதிப்புகளைச் சேகரிக்க இது எல்லா நிறுவனத்திலும் நன்றாகவே இருக்கிறது. நிறுவுவதில் நிறுவனத்துக்கு நிறுவனம் நுணுக்கம் மாறும். ஆன்சிபிளில் ஓட்டினால் ‘சீரியல்’ மதிப்பு உங்கள் தொகுதி அளவு, அதிகபட்சத் தோல்விச் சதவீதம் உங்கள் நிறுத்தும் விதி. இரண்டையும் எழுதாமல் பிளேபுக்கை ஓட்டக்கூடாது.

விடுபட்டவை

ஆறு இரவுகள் முடிந்தும் நாலைந்து சர்வர்கள் மிச்சமிருக்கும்: பழுது காத்திருப்பவை, உரிமையாளர் அனுமதி தராதவை, ஆதரவுக் காலம் முடிந்து புதிய ஃபர்ம்வேரே வராதவை. இவற்றுக்கு ஒரு விதிவிலக்குப் பட்டியல் வையுங்கள்: சர்வீஸ் டேக், காரணம், பொறுப்பாளர், விதிவிலக்கு முடியும் தேதி. தேதி இல்லாத விதிவிலக்கை ஏற்க வேண்டாம். தேதி வந்தும் நகராத சர்வரின் பிஎம்சியை நெட்வொர்க்கில் இன்னும் இறுக்கமாக அடைத்து, அடுத்த கொள்முதலில் மாற்ற வேண்டியவற்றின் பட்டியலில் சேருங்கள். அடுத்த காலாண்டின் அலை 0 தொடங்குமுன் இந்தப் பட்டியலைத்தான் முதலில் திறக்க வேண்டும்.